கயிற்றின் கடைசிக் கை

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில் நீண்டு மெலிந்து கடலுக்குள் போகிறது தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிவிட்டால் சாலையின் இரு பக்கமும் கடல்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலையடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், புரண்டெழும் தென்கடலை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நடுவில் இருக்கும் மணலில், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் விட்டுவைத்த சுவர்கள் நிற்கின்றன. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. அந்த ஒரே இரவில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் போயினர். குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த அந்த மண்ணை மீனவக் குடும்பங்கள் மட்டும் கைவிடவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்பட்டது. கூட்டம் வந்தது. இடிபாடுகளைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகளில் மீன் சாப்பாட்டுக் கடைகள் பெருகின.

நான் சாப்பிட்ட கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்த பந்தல், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், மண்ணில் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்த மேசை, விறகடுப்பு, அதன்மேல் இரும்புக்கல். வாசலில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் மசாலா தடவிய மீன்கள் வரிசையாகக் கிடந்தன. அங்கே பட்டியல் என்று இருந்தது அந்தத் தாம்பாளம்தான். கடை நடத்தும் அக்கா, "நகரை இருக்கு, பாறை இருக்கு, கணவாய் கொஞ்சம் இருக்கு. எது போடட்டும்?" என்று கேட்டார்.

பக்கத்து மேசையில், காரில் வந்திறங்கிய ஒரு குடும்பம் நண்டு கேட்டது.

"நண்டு இல்லை சார். ராத்திரி காத்து கூடிப்போச்சு, வலை எடுக்கப் போகலை."

"வேற கடையில கிடைக்குமா?"

"யாரும் போகலையே சார். நாளைக்குக் காத்து விட்டுச்சுன்னா உண்டு."

அந்தக் குரலில் மன்னிப்புக் கேட்கும் தோரணை கொஞ்சமும் இல்லை. மழை வரும், வராது என்று சொல்வதைப் போல, உள்ளதை உள்ளபடி சொன்ன குரல் அது. சாப்பிட வந்தவருக்குக் கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்று அவர் கூசவில்லை. கடலில் இல்லாதது கடையில் இருக்காது என்பது அவருக்கு இயல்பாக இருந்தது. அந்தத் தெளிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அவர் பாறை மீனின் செவுளைப் பெருவிரலால் விரித்து உள்ளே இருந்த சிவப்பைக் காட்டினார். முதுகிலிருந்து வயிறு வரை சாய்வாகப் போட்டிருந்த கீறல்களுக்குள் மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் இறங்கியிருந்தன. எண்ணெய் காய்ந்த கல்லில் மீனை வைத்ததும் அதன் வால் மேல்நோக்கி மெல்ல வளைந்தது. பிடித்து அதிக நேரம் ஆகாத மீன்தான் அப்படி வளையும். தோசைத் திருப்பியால் தலையையும் வாலையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருந்தார். ஓரம் கருகவும் நடு வேகவும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அவர் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்ணெயின் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சத்தம் தணிந்ததும் எடுத்துவிட்டார். இலையில் சோறு, புளியும் தேங்காயும் சேர்ந்த குழம்பு, பக்கத்தில் அந்த மீன். பிட்டால் வெண்மையாக, ஈரத்தோடு, மடல் மடலாகப் பிரிந்தது. கவிச்சி என்பதே இல்லை. மீன் செத்தபின் நேரம் போகப்போக நுண்ணுயிர்கள் அதன் உடலில் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள்தான் அந்த வாடைக்குக் காரணம். கடலோரத்தில் உண்ணும்போதுதான் மீனுக்கென்று ஒரு தனி மணம், மெல்லிய இனிப்போடு, இருப்பது தெரிகிறது. நாட்பட்ட மீனையே உண்டு பழகிய நகரவாசிகளுக்கு அந்த மணம் பெரும்பாலும் அறிமுகமே ஆவதில்லை.

காற்று கூடினால் நண்டு இல்லை என்று அந்த அக்கா சொன்ன ஒரு வரிக்குள் இந்தத் தீவின் ஆண்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வீசும்போது பெண் கடல் தன் பெயரை மறந்து கொந்தளிக்கும். அப்போது வள்ளங்கள் தென்கடலுக்குப் போகும். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் சீறும். மீனவர்கள் வடகரைக்கு மாறுவார்கள். ஒரு கடல் மறுக்கும்போது இன்னொரு கடல் மடி கொடுக்கும் அபூர்வமான நிலம் இது. ஆனாலும் இரண்டு கடலும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. வடக்கே ஆழம் குறைந்த, சேறும் கடற்புல்லும் நிறைந்த பரப்பு. தெற்கே பவளப்பாறைகளும் ஆழமும். காற்று மாறினால் கரையேறும் மீன் மாறும். மீன் மாறினால் குழம்பு மாறும். நகரை வரும் வாரம், சூடை குவியும் வாரம், காரல் மட்டுமே கிடைக்கும் வாரம் என்று இங்கே நாள்காட்டியைத் தட்டிலேயே படித்துவிடலாம்.

நம் ஊர்களின் உணவகங்களில் அந்த நாள்காட்டி இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலில் பன்னிரண்டு மாதமும் வஞ்சிரம் வறுவல் உண்டு, இறால் தொக்கு உண்டு, நண்டு மசாலா உண்டு. சித்திரையிலும் உண்டு, கார்த்திகையிலும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் ஓய்வு அது. 2017க்கு முன் 45 நாளாக இருந்ததை நீட்டினார்கள். அந்த 61 நாளிலும் நம் பட்டியலில் ஒரு வரிகூடக் குறைவதில்லை. கடலுக்கு இல்லாத ஒரே சீர்மையை நாம் பட்டியலில் எழுதி வைத்துவிட்டோம். எழுதியதை நிறைவேற்ற யாரோ எங்கோ கடலின் வேறுபாடுகளையெல்லாம் துடைத்தாக வேண்டியிருக்கிறது. ஐஸ் பெட்டியும் குளிர்பதனக் கிடங்கும் இரவெல்லாம் ஓடும் லாரியும் அதில் ஒரு பங்கு செய்கின்றன. மிச்சத்தைச் செய்வது இழுவைமடி.

இழுவைமடி போகும் விதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கனத்த பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்க, வலை கடலின் தரையை உரசிக்கொண்டே மணிக்கணக்கில் இழுபடுகிறது. இறாலுக்காகத்தான் இழுக்கிறார்கள்; ஆனால் வலைக்கு இறால் எது, பொடி மீன் எது என்று தெரியாது. கடற்புல் பிய்ந்து வருகிறது, நட்சத்திர மீன் வருகிறது, வளர்ந்திருந்தால் ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடாகியிருக்கக்கூடிய குஞ்சுகள் விரல் நீளத்தில் வருகின்றன. அந்தக் குவியலைச் சங்காயம் என்று இங்கே சொல்வார்கள். உலர்த்திக் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் அனுப்புவார்கள். ஒரு தட்டு இறாலுக்குப் பின்னால் எத்தனை கூடை சங்காயம் நிற்கிறது என்பது நம் மேசைக்கு ஒருபோதும் வந்து சேராத செய்தி.

இழுவைமடியின் கதை இந்தக் கரையோடு முடிவதில்லை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அங்கும் நெடுந்தீவிலும் யாழ்ப்பாணக் கரையெங்கும் வலை விரிப்பவர்கள் பேசுவதும் நம் தமிழ்தான். இலங்கையின் போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதியில்லாமல் முடங்கிக் கிடந்தவர்கள், 2009க்குப் பின் மெல்லத் தங்கள் சிறு படகுகளை நீரில் இறக்கினார்கள். இரவில் அவர்கள் விரித்த வலைகளை நம் பக்கத்து இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. தன் நாட்டுக்குள்ளேயே இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. எல்லை தாண்டிய நம் மீனவர்கள் பிடிபடுகிறார்கள், படகை இழக்கிறார்கள், சிறையில் வாடுகிறார்கள், சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள். இரு கரையிலும் அழுகிறவர்கள் ஏழைகள். விசைப்படகில் போகிறவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. டீசல் கடனும் படகுக்காரரின் முன்பணமும் அவரைத் தள்ளுகின்றன. கரையோரக் கடலில் மீன் குறைந்ததும் தள்ளுகிறது. இத்தனை தள்ளுதலுக்கும் மறுமுனையில் ஓர் இழுப்பு இருக்க வேண்டுமல்லவா? அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குக் காட்டியது தனுஷ்கோடியின் கரைவலை.

கடைக்குச் சற்றுத் தள்ளி, வெயில் ஏறிய மணலில், இருபது முப்பது பேர் இரண்டு கூட்டமாகக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலையில் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போகும். பெரிய வளையமாக வலையை இறக்கிக்கொண்டே சுற்றி வந்து மறுமுனையைக் கரையில் தள்ளி ஓரிடத்தில் சேர்க்கும். பிறகு இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கும். மீன்கள் நடுவில் இருக்கும் மடிக்குள் ஒதுங்கும். மணிக்கணக்கில் நேரம் ஆகும். வாலிபர்களும் கிழவர்களும் பெண்களும் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். அந்தத் தாளத்துக்கென்றே அம்பாப் பாடல்கள் பிறந்தன. கரையேறியதில் வலைக்காரர் பங்கு போக இழுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. கரைவலையிலும் பொடி மீன் சிக்கத்தான் செய்கிறது. குறையில்லாத வலை உலகில் இல்லை. ஆனால் அதன் ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. மனிதத் தோள் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் அது கடலிடம் கேட்கும்.

வரிசையில் கடைசியாக நின்றவர் கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்தார். கடலைப் பார்க்காமல் கரையைப் பார்த்து நின்று பாரத்தைத் தாங்கினார். மடியில் என்ன மீன் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கரைப்பக்கமாக ஓர் அடி வைத்தால் கடலுக்குள் வலை ஓர் அடி நகர்கிறது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது: கயிறு அவரோடு முடியவில்லை. அவருக்குப் பின்னால் வியாபாரி நிற்கிறார். வியாபாரிக்குப் பின்னால் லாரி, உணவகம், பட்டியல். எல்லோருக்கும் பின்னால் இலை போட்டு உட்கார்ந்திருக்கும் நான். கயிற்றின் கடைசிக் கை உண்பவனுடையது. கடலைப் பார்க்காமலே, மடியில் என்ன விழுகிறது என்று அறியாமலே, நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கார்த்திகையில் கிடைப்பதைச் சித்திரையிலும் கேட்கும்போது ஓர் அடி இழுக்கிறேன். மூன்று மேசையளவு மீனை வரவழைத்து ஒரு மேசையளவு தின்று மீதியை ஒதுக்கும்போது இன்னும் ஓர் அடி. பாக் நீரிணையின் தரையை உரசும் அந்தப் பலகைகளுக்கு எரிபொருள் டீசல் மட்டும்தானா? என் நாக்கின் பிடிவாதமும்தான்.

இது குற்றவுணர்வுக்கான செய்தியன்று. கயிற்றில் என் கையும் இருக்கிறது என்றால் அதைத் தளர்த்தும் வலிமையும் என்னிடம் இருக்கிறது என்றே பொருள். இந்தக் கரையிலேயே அந்த வலிமையைக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், அதை விற்று வீட்டை நடத்துகிறவர்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்புக் கருவி போட்டுச் சுரண்டாமல் கையாலேயே பறித்தார்கள். பாசி தழைக்கும் பருவத்தில் ஓய்வு விட்டார்கள். நாளைக்கு அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம். அந்தக் கவலைதான் அவர்களை அளவோடு எடுக்க வைத்தது. வறுமை மனிதனை ஆலாய்ப் பறக்க வைக்கும் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பெண்களைப் பார்க்க வேண்டும். அருகிலிருந்து கடலைப் பார்ப்பவருக்கு அதன் அடி தெரிகிறது. தொலைவிலிருந்து பார்க்கிறவர்தான் வற்றாத கடல் என்கிறார்.

வற்றும் என்பதற்குச் சான்று இந்த மண்ணிலேயே உண்டு. தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் விரலில் உறுத்துவது பவளக்கல். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுப்பது இந்தக் கரையில் சாதாரணமான தொழில். அலையைத் தடுத்து நின்ற பாறைகள் போனதும் தீவுகளே கரைந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில். 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா வந்தபோது, காக்க வேண்டியவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. பாறை வெட்டியவர்களும் தீவைக் கரைக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்கு வேண்டிய கல்லைத்தான் எடுத்தார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவத் தண்ணீர் கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். ஓரிரு முழ ஆழம்தான். அடியில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி குந்தி உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் இரண்டு பக்கமும் கடல். நடுவில் இந்த நீர் துளியும் உப்புக் கரிக்கவில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது; கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. இந்த நன்னீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் சுமார் 40 அடி மேலேறும் என்பது நீரியல் அறிஞர்களின் கணக்கு. சிறுமி பள்ளத்தைச் சேறாக்காமல், மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக மொண்டாள். நீர் குறைந்ததும் நிறுத்தினாள். ஊறும் வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி மொண்டாள். அவளிடம் நீரியல் நூல் இல்லை. ஊற்றின் பக்கத்தில் வளர்ந்த அனுபவம் இருக்கிறது. சிரட்டைக்குப் பதில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஒரே வாரத்தில் நிறைய நீர் கிடைக்கும். அதற்குப் பிறகு நெடுங்காலம் உப்பு மட்டுமே கிடைக்கும்.

கடலும் இப்படித்தான் கொடுக்கிறது, காடும் கழனியும் இப்படித்தான் கொடுக்கின்றன. எந்த வளத்திலும் ஊறும் வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்துக்குள் எடுப்பவருக்கு அது என்றைக்கும் தீராது. அந்த வேகத்தை மீறுகிறவருக்கு எவ்வளவு பெரியதும் போதாது. கடல் பெரியது என்பதால் தீராமல் இருக்கவில்லை. கரையில் இருந்தவர்கள் காத்திருக்கத் தெரிந்தவர்களாக இருந்ததால் இத்தனை தலைமுறையாகத் தீராமல் இருந்தது. "இன்றைக்கு நண்டு இல்லை" என்று ஒரு கடைக்காரர் நிமிர்ந்து சொல்லும்போது, கடலுக்கும் நமக்கும் நடுவே இருந்த அந்தப் பழைய உடன்பாடு இன்னும் செத்துவிடவில்லை என்று பொருள். அதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டு, "இருப்பதைப் போடுங்கள்" என்று சொல்பவர் ஒரு கடமையை ஆற்றுகிறார். அரசின் 61 நாள் தடை கடலுக்கு ஓர் ஓய்வைத் தருகிறது. உண்பவரின் சம்மதம் அந்த ஓய்வை ஆண்டு முழுவதற்கும் நீட்டித் தரும்.

இதில் இழப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் தேர்ந்தெடுத்து உண்ட எத்தனையோ விருந்துகள் மறந்துவிட்டன. கிடைத்ததை உண்ட அந்த ஒரு வேளையில்தான் மீனின் மணம் என்ன என்று தெரிந்தது. காற்றின் பெயர் தெரிந்தது. எனக்குச் சோறு வர எத்தனை தோள் சாய்ந்தன என்று தெரிந்தது. விருப்பத்தை மட்டும் கேட்டு உண்பவனுக்கு அவனுடைய விருப்பம்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இருப்பதைக் கேட்டு உண்பவனுக்கு உலகம் கிடைக்கிறது. நாளொரு மீனாக, பருவத்துக்கொரு சுவையாக, அவன் ஒருபோதும் கேட்கத் தெரிந்திராத பெயர்களோடு கிடைக்கிறது. அடுத்தமுறை எந்த ஊரில் மீன் உண்ண உட்கார்ந்தாலும் பட்டியலை மூடி வைத்துவிட்டு, "இன்று என்ன வந்தது?" என்று கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்கும் மேசைகள் பெருகப் பெருகக் கயிற்றின் இழுப்பு தளரும். இழுவைமடி மீனுக்கு விலை குறையும். இரு கரைகளின் சிறு வலைகளுக்கும் இடம் கிடைக்கும். கையை எப்போது எடுக்க வேண்டும் என்று அறிந்தவர்களால்தான் இலையும் நிறையும், கடலும் நிறையும்.